அட்டையில் விழுந்த ஐந்து மாத இடைவெளி

கேள்வி: நான் பிறந்தது 1995 ஜூலையில். அம்மா இடப்பெயர்வின்போது பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோன என் கிளினிக் அட்டையை இப்போதுதான் பார்த்தேன். முதலாவது முக்கூட்டு ஊசி (தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்பு மூன்றுக்குமானது) ஒக்ரோபர் தொடக்கத்தில் போடப்பட்டிருக்கிறது. இரண்டாவது மறுவருடம் மார்ச்சில், சாவகச்சேரியில். கரண்டே இல்லாத காலத்தில் மருந்து பழுதாகாமல் இருந்திருக்குமா? இந்த இடைவெளியால் பலன் போயிருக்குமா? நான் இப்போது கர்ப்பமாக இருக்கிறேன். — வாசகி, கொக்குவில்

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்

பிள்ளை, முதலில் பயத்தை விடுங்கோ. தடுப்பூசி வரிசை இடையில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. அன்றும் அப்படித்தான் செய்தோம்.

அந்த இடைவெளி ஏன் வந்தது என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குப் பயந்து, யாழ்ப்பாண நகரம் இருக்கும் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சிக்கு நடந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் கைக்குழந்தைக்காரிகளும் அந்த மழைக்குள் நின்றார்கள். எங்கள் வேலை வீடு வீடாய்ப் போவது. ஏறத்தாழ 3000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் எந்தப் படலைக்குள் எந்த மாதக் கர்ப்பிணி இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். ஒரே இரவில் அந்த வீடுகள் வெறுமையாகிவிட்டன. பிறகு பள்ளிக்கூட மண்டபங்களிலும் கோயில் மடங்களிலும் பாய்க்குப் பாய் குனிந்து, "பிள்ளைக்கு எத்தனை மாதம்? அட்டை இருக்கோ?" என்று கேட்டுக் கேட்டுப் புதிய பதிவேடு எழுதினோம். காணி உறுதியோடு சேர்த்து அட்டையையும் கொண்டுவந்த தாய்மார் எத்தனையோ பேர். அந்தப் பெண்களுக்குத்தான் நான் முதலில் கைகூப்புவேன்.

மருந்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1990 முதல் அந்தக் காலம் முழுக்க யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன்விலை. வீடுகளில் ஜாம்போத்தலுக்குள் சொட்டு எண்ணெய் விட்டு விளக்கெரித்த காலம் அது. இருந்தாலும் தடுப்பூசி வைக்கும் மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டிக்கு எண்ணெய் ஒதுக்கப்பட்டது. அதன் சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் கரி பிடிக்கும், குளிர் ஏறாது. திரியை வெட்டி, புகைக்குழாயைத் துடைத்து, காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்து எழுதிவைப்போம். 2 முதல் 8 பாகைக்குள் நிற்க வேண்டும். வெக்கையை விட உறைவதுதான் முக்கூட்டு மருந்துக்குக் கூடாது. சந்தேகம் வந்தால் குப்பியைக் குலுக்கி வைத்துப் பார்ப்போம். உறைந்த மருந்தில் துகள் திரண்டு கெதியாய் அடியில் படியும். அப்படிப்பட்டதைக் குழந்தைக்குப் போட மாட்டோம். கிளினிக்குக்குக் கொண்டுபோவது ஐஸ் பக்கற் அடுக்கிய பெட்டியில், சைக்கிள் கரியரில் கட்டி. சத்தம் கேட்டால் தாயும் பிள்ளையும் பெட்டியும் சேர்ந்துதான் பங்கருக்குள் இறங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே 1995இல்தான் தேசிய போலியோ நாட்கள் தொடங்கின. சொட்டு மருந்து கொடுப்பதற்காக அந்த நாட்களில் அரசும் புலிகளுமாக இரு தரப்பும் சண்டையை நிறுத்த உடன்பட்டன, யுனிசெப் நடுவில் நின்றது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் போர் நடந்தது, போலியோ மட்டும் திரும்பவில்லை. குழந்தைக்காகச் சில நாள் நிறுத்த முடிந்தவர்களுக்கு மற்ற நாட்களிலும் முடிந்திருக்கும் என்பது என் மனத்தில் இன்றைக்கும் கிடக்கும் கோபம்.

இனி உங்கள் காரியம். அட்டையை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். முந்திய ஊசிகளைப் பார்த்து, கர்ப்பகாலத்தில் ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசி எத்தனை வேண்டும் என்று சொல்வார். ருபெல்லா ஊசி போட்டதற்குப் பதிவு இல்லையென்றால் அதை இப்போது போடக் கூடாது, பிள்ளை பிறந்த பிறகு கேளுங்கள். பழைய மை மங்கும். கிளினிக்குக்குப் போக முதல் அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.