அகாடமி வீரர்கள் மேல் ரசிகர்கள் வைக்கும் பாசம் ஒரு கிளப்பின் ஜெயிக்கும் வெறியைக் குறைத்துவிடுமா?

காரைக்குடிப் பக்கம் ஐரோப்பியக் கால்பந்து லீக் பார்க்கும் நண்பர்கள் இந்தக் கேள்வியில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். அகாடமி என்றால் கிளப் சிறுவர்களைச் சேர்த்து வளர்க்கும் பயிற்சிப் பள்ளி. ஒரு கட்சி, "நம்ம அகாடமிப் பையனை இறக்கு, கப்பு தானா வரும்" என்கிறது. எதிர்க்கட்சி, "பாசம் பார்த்தா கப்பு வராது, காசைப் போட்டு ஆளை வாங்கு" என்கிறது.

பாசத்தால் வெறி குறையாது. ஒரே அணிக்குள் இரண்டு தரம் வைத்தால் குறையும். இளம் வீரனுக்கு அதிக நாள் பொறுமை காட்டலாம், அது அவன் வயதுக்குக் கொடுக்கும் மரியாதை. ஆனால் பதினொரு பேரில் ஒருவனாக இறங்கத் தேவையான தரத்தை அவனுக்காகக் குறைத்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மற்ற வீரர்களுக்கு அது அன்றைக்கே தெரிந்துவிடும்.

"சொந்த வீரர்" யார் என்பதிலேயே பாதிச் சண்டை கிடக்கிறது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ நடத்தும் போட்டிகளுக்கு ஒரு கிளப் கொடுக்கும் முதன்மைப் பட்டியலில் அதிகபட்சம் 25 பேர். அதில் 8 இடம் உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கு. அந்த 8 பேரில் குறைந்தது 4 பேர் அதே கிளப்பில் வளர்ந்திருக்க வேண்டும், மிச்சம் 4 பேர் அந்த நாட்டின் வேறு கிளப்பில் வளர்ந்திருக்கலாம். வளர்ந்தவர் என்று கணக்கில் வர, 15 முதல் 21 வயதுக்குள் மூன்று முழு சீசனோ 36 மாதமோ பதிவில் இருந்திருக்க வேண்டும். ஆள் குறைந்தால் அந்த இடத்தை வெளியாளை வைத்து நிரப்ப முடியாது. 6 பேர்தான் தேறினார்கள் என்றால் பட்டியல் 23 ஆகச் சுருங்கும். 2006-07 சீசனில் 4 இடத்தோடு தொடங்கிய விதி 2008-09-ல் 8 ஆனது. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 2010-11 முதல் 25 பேரில் 17 பேருக்கு மேல் நாட்டுக்கு வெளியில் வளர்ந்தவர்கள் இருக்கக் கூடாது. 21 வயதுக்கு உட்பட்டவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

இந்த விதிகளில் பிறந்த நாடு ஒரு பொருட்டே இல்லை. செஸ்க் ஃபாப்ரிகாஸ் 2003-ல் 16 வயதில் பார்சிலோனாவிலிருந்து ஆர்சனலுக்குப் போனார். பார்சிலோனா ரசிகர்கள் அவரைத் தங்கள் பிள்ளை என்றே கொண்டாடினார்கள். விதியின் கணக்கில் அவர் ஆர்சனல் வளர்த்த வீரர். மனசு ஒரு பக்கம், பதிவேடு ஒரு பக்கம் என்று இருப்பதால்தான் ஒரே வீரரைப் பற்றி இருவர் பேசும்போது பேச்சு ஒட்டுவதில்லை.

பாசக்காரக் கட்சி எப்போதும் எடுத்து வீசும் உதாரணம் ஸ்காட்லாந்து கிளப் செல்டிக்கின் 1967 அணி. கிளாஸ்கோ மைதானத்திலிருந்து 30 மைல் சுற்றுக்குள் பிறந்தவர்களை வைத்தே லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார்கள். பெரிய சாதனை, ஆனால் சம்பளச் சந்தை இன்றைக்கு மாதிரி இல்லாத காலம் அது. இன்றைய நிலவரத்துக்கு ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோதான் நேர்மையான சான்று. பாஸ்க் பகுதியில் பிறந்தவர் அல்லது அங்கே விளையாட்டுக் கற்றவர் மட்டுமே அந்தச் சட்டையைப் போடலாம். 1929-ல் ஸ்பெயினின் முதல் பிரிவான லா லீகா தொடங்கியதிலிருந்து ஒரு முறைகூட அவர்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியதில்லை. ஸ்பெயினில் இந்தப் பெருமை இவர்களோடு ரியல் மாட்ரிட், பார்சிலோனா இரண்டுக்கு மட்டும்தான். அதே சமயம் 1984-க்குப் பிறகு ஸ்பெயினின் நாக்-அவுட் கோப்பையான கோபா டெல் ரேயைத் தொட 2024 வரை, முழுசாக 40 வருஷம், காத்திருந்தார்கள். அந்த விலையைத் தெரிந்தேதான் அவர்களின் ரசிகர்கள் கொடுக்கிறார்கள். "பில்பாவோ மாதிரி இருக்கணும்" என்று சொல்கிறவர் அந்த 40 வருஷத்தையும் சேர்த்துக் கேட்கிறாரா என்பதுதான் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி.

மான்செஸ்டர் யுனைடெட்டின் 1995-96 சீசன் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அந்தக் கோடையில் இன்ஸ், ஹியூஸ், கான்செல்ஸ்கிஸ் மூவரையும் விற்றுவிட்டு பெக்கம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்களை இறக்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோல்வி. சீசன் முடிவில் லீகும் எஃப்ஏ கோப்பையும் கையில். "பார்த்தியா, பசங்களே ஜெயிச்சாங்க" என்று இதைச் சொல்லுவார்கள். கோல் கம்பத்தில் ஷ்மைக்கேல், தடுப்பில் புரூஸ், பாலிஸ்டர், இர்வின், நடுவில் கீன், முன்னால் கான்டோனா. முதுகெலும்பு முழுவதும் வெளியிலிருந்து வாங்கிய, கோப்பை தூக்கிப் பழகிய ஆட்கள். பையன்கள் அந்த எலும்பைச் சுற்றிச் சதையாக வளர்ந்தார்கள். பார்சிலோனாவும் அப்படித்தான். 2012 நவம்பர் 25-ல் லெவாண்டேவுக்கு எதிராக டானி ஆல்வெஸ் காயத்தில் வெளியேறி மோன்டோயா வந்ததும் களத்தில் நின்ற பதினொரு பேரும் பார்சிலோனாவின் அகாடமியான லா மாசியாவில் வளர்ந்தவர்கள். 4-0 வெற்றி. அந்தப் பதினொன்று காயத்தால் அமைந்தது. அந்தக் காலத்து வழக்கமான அணியில் ஆல்வெஸ், மஸ்கெரானோ மாதிரி வாங்கிய ஆட்களுக்கும் அழுத்தமான இடம் இருந்தது.

இந்த முறை நம் ஊருக்குப் புதிதல்ல. பர்மா, மலாயாவில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார், சின்ன வயசில் ஒருவனைப் பெட்டியடிப் பையனாகச் சேர்த்து, அடுத்தாளாக்கி, கணக்கு சுத்தமாக இருந்தால்தான் கடையை நடத்தும் மேலாளாக உட்கார வைத்தார்கள். மூன்று வருஷக் கணக்கு முடிந்ததும் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) பார்ப்பார்கள். சொந்தப் பிள்ளையை இன்னொருவர் கடையில் வேலை பழக அனுப்பியதும் உண்டு. இன்றைய கிளப்புகள் 19 வயதுக்காரனை லோனில், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்கு, அனுப்புவதும் இதே காரணத்துக்குத்தான்: வீட்டில் செல்லம் கிடைக்கும், வெளியில் வேலை கிடைக்கும்.

இனி ரசிகர்கள் எங்கே தவறுகிறார்கள் என்பது. முதல் தவறு, ஓட்டத்தைத் திறமையாக எண்ணுவது. அகாடமிப் பையன் சட்டைச் சின்னத்தை முத்தமிட்டு, வியர்வை சொட்ட ஓடினால் கைதட்டல் விழும். ஆனால் பந்து காலுக்கு வருமுன் தோளுக்குப் பின்னால் பார்த்தானா, பந்தை இழந்ததும் அடுத்த ஐந்து நொடியில் என்ன செய்தான், 75-வது நிமிடத்துக்குப் பிறகும் தன் ஆளைத் தொடர்ந்து ஓடினானா, இவைதான் தரம்.

இரண்டாவது தவறு இதன் மறுபக்கம். "நம்ம பையன்" சறுக்கினால் வாங்கிய வீரரைவிடக் கடுமையாகத் திட்டுவது. ட்ரென்ட் அலெக்சாண்டர்-அர்னால்ட் ஆறு வயதில் லிவர்பூலில் சேர்ந்தவர், சாம்பியன்ஸ் லீகும் இரண்டு லீக் பட்டமும் வென்றவர். கிளம்புகிறேன் என்று அறிவித்ததும் 2025 மே 11-ல் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டிலேயே ரசிகர்கள் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். இதைப் பார்க்கும் 16 வயது அகாடமிப் பையன் என்ன கற்றுக்கொள்வான்? வெளியிலிருந்து வருகிறவனுக்கு ஒப்பந்தம் முடிந்தால் கிளம்பும் உரிமை உண்டு, தனக்கு இல்லை என்று.

மூன்றாவது, கனவைச் சுமையாக்குவது. அன்சு ஃபாத்தி 16 வயதில் பார்சிலோனாவின் முதல் அணிக்கு வந்தார். 2020 நவம்பரில் முழங்காலில் பெரிய காயம். மெஸ்ஸி போனதும் 2021-ல் 10-ஆம் எண் சட்டையை அவர் முதுகில் போட்டார்கள். காயத்திலிருந்து எழுந்துவந்தவர் உடனே மெஸ்ஸியாக வேண்டும் என்று அரங்கமே எதிர்பார்த்தது. எனக்கு இன்றும் அதை நினைத்தால் வருத்தம்தான்.

நிர்வாகத்தின் பக்கம் ஒரு கணக்கு இருக்கிறது, ரசிகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 6 கோடி பவுண்டுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால் வருஷத்துக்கு 1.2 கோடி செலவாக எழுதுவார்கள். இரண்டு வருஷம் கழித்து ஏட்டில் அவர் மதிப்பு 3.6 கோடி. 4 கோடிக்கு விற்றால் லாபம் 40 லட்சம்தான். அகாடமி வீரருக்கு வாங்கிய விலை இல்லாததால் ஏட்டு மதிப்பு பூஜ்யம். அதே 4 கோடிக்கு விற்றால் 4 கோடியும் அந்த வருஷத்து லாபம். அதனால் விதி அனுமதிக்கும் நஷ்ட வரம்பை நெருங்கும் கிளப்புக்கு முதலில் கண்ணில் படுவது சொந்தப் பிள்ளைதான். ஆறு வயதில் செல்சியில் சேர்ந்து 2021-ல் சாம்பியன்ஸ் லீக் வென்ற மேசன் மவுன்ட் 2023-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார். இந்த இடத்தில் ரசிகர்களின் கோபம் நியாயமானது. வீரர் மேல் காட்டாமல் நிர்வாகத்தின் மேல் காட்டுங்கள்.

ஒரு பையனை எடை போட நான் வைத்திருக்கும் அளவு இது. 900 நிமிடம், அதாவது பத்து முழு ஆட்டம், ஆகும்வரை தீர்ப்பு வேண்டாம். 2-0 முன்னிலையில் கடைசி பத்து நிமிடம் இறங்கியதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆட்டம் சமநிலையிலோ பின்தங்கியோ இருந்த நிமிடங்களைத் தனியாகப் பாருங்கள், வின்னிங் மென்டாலிட்டி, அதாவது ஜெயிக்கும் வெறி, அங்கேதான் தெரியும். பக்கத்தில் யார் ஆடினார்கள் என்றும் பாருங்கள். விங்கர் (ஓரத் தாக்குதல் வீரர்) இறங்கி உதவாத பக்கத்தில் ஃபுல்பேக்காக (ஓரத் தடுப்பு வீரராக) நிற்கும் 18 வயதுக்காரன் இரண்டு பேரைத் தனியாகச் சமாளிக்க வேண்டியிருக்கும்; அங்கே அவனைக் குறை சொல்வது அநியாயம். 23 வயதாகியும் அதே தவறு அதே இடத்தில் நடந்தால் பொறுமைக் காலம் முடிந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். கண்டனூரில் பிறந்த சிவசக்தி நாராயணன் 2022 டுராண்ட் கோப்பை இறுதியில் பெங்களூரு எஃப்சிக்கு முதல் கோலை அடித்தார். மும்பை சிட்டியை 2-1 என்று வென்றார்கள். 2022-23 இந்திய சூப்பர் லீகில் (ஐஎஸ்எல்) வளரும் வீரர் விருதும் அவருக்குத்தான். பக்கத்தில் சேத்ரி, ராய் கிருஷ்ணா மாதிரி மூத்தவர்கள் இருந்த அணி அது. காரைக்குடிக்காரர் அவரை "நம்ம பையன்" என்பார், பெங்களூரு ரசிகர் அடித்த கோலைத்தான் எண்ணுவார். இரண்டும் அவருக்குத் தேவை.

செட்டிநாட்டு ஊர்க் கிளப் நடத்துகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். டோர்னமென்டுக்குக் காசு கொடுத்து வெளியூர் ஆட்களை இறக்குவதில் தப்பில்லை, எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள். பதினொன்றில் மூன்று போதும்: கோல்கீப்பர், நடுத் தடுப்பு, நடுக்களம். அந்த மூவரும் முந்தின நாளே வந்து ஒரு பயிற்சியாவது நம் பசங்களோடு செய்ய வேண்டும், இல்லையென்றால் பையன்கள் அவர்களிடமிருந்து எதையும் கற்க மாட்டார்கள். பயிற்சிக்கு வராதவன் வெளியே உட்கார வேண்டும், அவன் செயலாளர் மகனாக இருந்தாலும்.

12 வயதிலேயே பையனை மாவட்டச் சங்கம் வழியாக அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பான ஏஐஎஃப்எஃப்-பின் சிஆர்எஸ் என்ற மையப் பதிவேட்டில் ஏற்றுங்கள். நிறையக் கிளப்புகள் கோட்டைவிடுவது இதைத்தான். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி ஒரு வீரர் நாடு விட்டு நாடு விலைக்குப் போகும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வரை சீசனுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை 0.5 சதவீதம். அந்த முதல் நான்கு சீசனும் உங்களிடம் பதிவில் இருந்தவன் பின்னாளில் ஒரு கோடிக்குப் போனால் உங்கள் பங்கு ஒரு லட்சம். பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் அந்தப் பங்கைக் கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்காது. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரின் எழுத்தும் ஆதாரில் உள்ள எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பதிவுக்கு முன்பே சரிபாருங்கள். பெயரோ தேதியோ முரண்பட்டால் பின்னால் திருத்துவது பெரும்பாடு.