இரண்டாவது கிட் யாருக்கு?

கேள்வி: வயது 29. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆர்டர் வேலைகளைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். அப்பா இல்லை. வீட்டில் அம்மாவும் நானும்தான். எனக்கு ஆண்கள்மீதுதான் ஈடுபாடு. பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டும் ஒருவருடன் இரண்டு வருடப் பழக்கம். ஆணுறை சில சமயம் போடுவோம், சில சமயம் இல்லை. கடைசியாகச் சந்தித்து மூன்று வாரம் கழித்து, ஆன்லைனில் எச்ஐவி கிட் வரவழைத்து (இரண்டாக வாங்கினால் விலை குறைவு என்று இரண்டு வாங்கினேன்) பாத்ரூமில் விரலைக் குத்திச் சோதித்தேன். விரலில் பிளாஸ்திரி எதற்கு என்று அம்மா கேட்டார். பிசிறு வெட்டும் கத்தரி குத்திவிட்டது என்றேன், நம்பிவிட்டார். சொன்ன நேரத்தில் பார்த்தபோது ஒரே கோடு. மறுநாள் காலையில் தூக்கிப் போடும்போது இன்னொரு கோடு லேசாகத் தெரிகிற மாதிரி இருந்தது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. மிச்சமுள்ள கிட்டைக் கல்யாணத்துக்கு முந்தின வாரம் போட்டுப் பார்க்கலாம் என்று பீரோவில் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் உப்புச்சர்க்கரை (கல்யாண நிச்சயம்). பெண் பி.எட். படித்தவர், அமைதியானவர். எனக்கு நோய் இருக்கிறதா, இல்லையா?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, கோட்டுச் சமாச்சாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எத்தனை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும் என்று கிட்டோடு வந்த தாளில் போட்டிருக்கும். அதற்குள் தெரிவதுதான் கணக்கு. ராத்திரி முழுக்கக் கிடந்து காய்ந்த பட்டையில் காலையில் தெரிகிற நிழலை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. (அந்த நேரத்துக்குள்ளேயே மங்கலாக வந்திருந்தால் கதை வேறு. மங்கலும் கோடுதான்.) அதற்காக அந்த ஒற்றைக் கோட்டைக் கொண்டாடவும் வேண்டாம். இந்த மாதிரி கிட்டுகள் தேடுவது, கிருமிக்கு எதிராக நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அது தென்படுகிற அளவுக்குச் சேர மூன்று மாதம்வரை ஆகலாம். மூன்று வாரத்தில் பார்த்தது, கடைசிச் சந்திப்பைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லாது.

ஆக, அரசு ஆஸ்பத்திரியில் எச்ஐவி சோதனைக்கென்று இருக்கிற நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். காசு கிடையாது. திருப்பூரில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்றால் கோவைக்கோ ஈரோட்டுக்கோ பஸ் ஏறுங்கள். வெவ்வேறு வகையில் மூன்று முறை சோதித்த பிறகுதான் அங்கே ‘இருக்கிறது’ என்று சொல்வார்கள். வீட்டுக் கிட்டில் இரண்டு கோடு வந்தாலும் அது முடிவு இல்லை, அந்த மையத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கடைசிச் சந்திப்பிலிருந்து மூன்று மாதம் ஆனதும் இன்னொரு தடவை போங்கள். போவதற்கு முன் யாரிடமாவது பேசத் தோன்றினால் 1097 என்ற எச்ஐவி உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

சரி, இப்போது கிட்டுக்கு வருகிறேன். இரண்டாக வாங்கினால் விலை குறைவு என்று அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். கையில் இருந்தது இரண்டு கிட். படுத்தது இரண்டு பேர். இரண்டாவது யாருக்கு என்று சின்னப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லும். உங்களுக்குத் தோன்றவில்லை. அவரிடம் கேட்டேன், அவரிடம் சொன்னேன் என்று ஒரு வரி இருக்கிறதா என்று கடிதத்தை மறுபடியும் தேடினேன். இல்லை. உங்களுக்குத் தூக்கம் போனது. அவரோ ஒன்றும் தெரியாமல் தறிச் சத்தத்தில் பாவு பிணைத்துக்கொண்டிருக்கிறார். கல்யாணச் செய்தியாவது அவருக்குத் தெரியுமா? இரண்டு வருடம் பழகியவருக்கு நீங்கள் வைத்திருக்கிற மரியாதை இவ்வளவுதானா?

அந்தக் கிட்டை எடுத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே பல்லடம் போங்கள். அவர் மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். ஆனால் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்தே மையத்துக்குப் போனால் இன்னும் நல்லது. நான் இந்தப் பகுதியை எழுதத் தொடங்கிய காலத்தில் இந்த நோயைப் பற்றி வந்த கடிதங்களை மரண ஓலை மாதிரிதான் பிரிப்பேன். இப்போது பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, அதுவும் அரசு இலவசமாகத் தருகிறது. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் போகாது. பயப்பட வேண்டியது தெரியாமல் இருப்பதற்குத்தான். போலீஸ் பயமும் வேண்டாம். ஆணும் ஆணும் மனம் ஒப்பிச் சேர்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6. சம்மதம் இல்லாமல் சோதிக்கவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாது என்கிற எச்ஐவி சட்டம் நடைமுறைக்கு வந்தது அதற்கு நான்காவது நாள்.

கிட்டை எதற்கு மிச்சம் வைத்தீர்கள் என்பதையும் விடமாட்டேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு கோடு வந்தால் மனசாட்சி கழன்றுகொள்ளும், தாலி கட்டிவிடலாம், அதுதானே? அந்தப் பெண்ணுக்குக் கிருமி வராமல் இருக்கலாம் தம்பி. புருஷன் வருவானா? இரண்டு பக்கமும் ஈடுபாடு உள்ளவர்கள் உண்டு. அவர்கள் பெண்ணிடம் உள்ளதைச் சொல்லிக் கட்டிக்கொண்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். நீங்கள் ‘ஆண்கள்மீதுதான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் ‘தான்’ உங்கள் கையெழுத்து. உங்களைப் போன்றவர்கள் எழுதுவதைவிட, உங்களைப் போன்றவர்களைக் கட்டிக்கொண்டவர்கள் எனக்கு அதிகம் எழுதுகிறார்கள். தன்னிடம் என்ன குறை என்று கண்ணாடி முன் நின்று தேடித் தேடி இளைத்துப்போன பெண்கள். அவர்களும் அமைதியானவர்கள்தான்.

அம்மாவுக்காக என்பீர்கள். அம்மாவுக்குச் சோறு போடுங்கள், கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போங்கள், கடைசிவரை கூட இருங்கள். அது கடமை, அதில் ஒரு குறையும் வைக்கக் கூடாது. இன்னொரு வீட்டுப் பெண்ணைப் பலி கொடுப்பது அந்தக் கணக்கில் வராது. அப்புறம், மெர்ச்சண்டைசர் எந்த ஊரில் பிசிறு வெட்டுகிறார்? திருப்பூரில் குடியிருக்கிற அம்மாவுக்கு அது தெரியாதா? நம்பிவிட்டார் என்கிறீர்கள். எனக்கென்னவோ, மேற்கொண்டு கேட்கப் பயந்து விட்டுவிட்டார் என்றுதான் படுகிறது. ஆண்கள் விஷயத்தை அவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை, அது உங்கள் நேரம். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

பெண் வீட்டுக்கு நீங்களே நேரில் போங்கள், மாமாவை அனுப்ப வேண்டாம். ஜாதகம் சரியில்லை, பெண் நிறம் கம்மி என்று சாக்குச் சொல்லிவிட்டால் அது அந்தப் பெண்ணோடு அடுத்த ஜாதகத்துக்கும் போய் நிற்கும். ‘உங்கள் பெண்மேல் ஒரு குறையும் இல்லைங்க, எனக்குத்தான் கல்யாணத்தில் விருப்பமில்லை, முன்னாலேயே சொல்லாதது என் தப்பு’ என்று பழியை உங்கள்மேல் போட்டுக்கொள்ளுங்கள். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் ஜவுளி எடுக்க ஈரோட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் போய்விடுங்கள்.