லெப்டொப் ரேமை அதன் வேகத்துக்குக் கீழே ஓடவிட்டால் ஒத்துப்போகாத பிரச்சினை தீருமா?

நீங்கள் கேட்டது இதுதான்: பழைய லெப்டொப்புக்கு 1600 வேக ரேம் (தற்காலிக நினைவகம்) இரண்டு வாங்கிப் போட்டீர்கள். விண்டோஸ் ஏறுகிறது, கொஞ்ச நேரத்தில் நீலத்திரை. வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்றால், லெப்டொப் தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயோஸில் அதற்கு இடமே இல்லை.

குறைத்தால் சரிவரலாம். எனக்குச் சரிவந்தது, அதுவும் பயோஸைத் தொடாமலே.

நான் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். 2022இல் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360 வரை ஏறிய நேரம், தங்கச்சி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். புது லெப்டொப்புக்கு வழியில்லை. கொழும்பில் வேலை செய்கிற மாமா மகன் தான் பாவித்த பழையதைக் கொடுத்தான். இன்டெல்லின் இரண்டாம் தலைமுறை ஐ5 ப்ரொசசர், உள்ளே 4 ஜிபி ரேம் ஒன்று, 1333 வேகம். ஜோடியாகப் போட்டால்தான் நல்லது என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, பழையதைக் கழற்றிவிட்டு 4 ஜிபி 1600 இரண்டைப் போட்டேன். அன்றிலிருந்து ஆரம்பித்தது தலைவலி. வகுப்பு நடக்கும்போதே உறைந்துவிடும்.

முதலில் பனியைத்தான் சந்தேகப்பட்டேன். எங்கள் லயத்தில் மழைக்காலத்தில் உடுப்பே காயாது, ரேமின் பித்தளை நிறப் பற்கள் மட்டும் எப்படித் தப்பும்? பற்றரியைக் கழற்றி, அழிறப்பரால் பற்களை மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதிப் போட்டேன். பலனில்லை. (ஆனால் நீங்களும் முதலில் இதைச் செய்துவிடுங்கள். காசு செலவில்லாத வேலை.) அப்புறம் ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86+ஐப் பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். "என்னடா, ராவெல்லாம் அத கத்த விட்டிருக்க, கரண்டு பில்லு யாரு கட்டுறது?" என்று அம்மா ஏசினார். காலையில் பார்த்தால் திரை முழுக்கப் பிழைகளைக் காட்டும் சிவப்பு வரிகள்.

சரி, ரேம்தான் பழுது என்று நினைத்து, ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் நண்பனின் மூன்றாம் தலைமுறை லெப்டொப்பில் போட்டுப் பார்த்தேன். இரண்டுமே 1600இல் ஒரு பிழையும் இல்லாமல் ஓடின. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. எங்களுடைய ஐ5க்கு இன்டெல் சொல்லியிருக்கும் உச்ச வேகம் 1333. ஆனால் அந்த போர்டு, ரேம் 1600 என்று சொன்னதை நம்பி 1600இலேயே ஓடப் பார்த்திருக்கிறது. ஓடியது, ஆனால் தடுமாறி ஓடியது.

ரேம் எப்படிச் "சொல்கிறது"? ஒவ்வொரு ரேமிலும் எஸ்பிடி என்ற ஒரு குட்டிச் சில்லு இருக்கிறது. எந்த வேகத்தில், எந்த இடைவெளிகளோடு ஓடலாம் என்ற அட்டவணை அதில் இருக்கும். லெப்டொப் உயிர்பெறும்போது பயோஸ் இரண்டு ரேமின் அட்டவணையையும் வாசித்து, இரண்டுக்கும் பொதுவான வேகத்தைத் தெரிவு செய்யும். கினிகத்தேனை வளைவுகளில் கொழுந்து லொறி முன்னால் போனால் பின்னால் வரும் சொகுசு பஸ்ஸும் அதன் வேகத்தில்தானே ஏறவேண்டும்! ஆகவே நான் செய்தது ஒன்றே ஒன்று: புது 1600 ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பழைய 1333ஐத் திரும்பப் போட்டேன். மொத்தம் அதே 8 ஜிபி, இரண்டு ரேமும் ஜோடியாக இரு பாதையில் தரவு அனுப்பும் இரட்டைச் சனலும் அப்படியே. இரண்டும் 1333இலேயே ஓடின. மறுபடி ஓர் இரவு மெம்டெஸ்ட், பிழை பூச்சியம்.

ரேமின் வேகத்தைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் பார்த்தபோது 665 என்று காட்டியது, கொஞ்சம் பயந்துவிட்டேன். டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்பும், அதனால் அதை இரண்டால் பெருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் நேராகவே 1333 என்று வரும்.

வேகம் போய்விடுமே என்று கவலைப்படாதீர்கள். சிஎல் என்பது ரேம் பதில் தர எத்தனை துடிப்புகள் காத்திருக்க வேண்டும் என்ற எண்; 1600இல் ஒரு துடிப்பு 1.25 நானோ செக்கன், 1333இல் 1.5. 1600இல் சிஎல் 11 என்றால் தாமதம் 11 × 1.25 = 13.75 நானோ செக்கன். 1333இல் சிஎல் 9 என்றால் 9 × 1.5 = 13.5. கிட்டத்தட்ட ஒன்றுதான். குறைவது செக்கனுக்குப் போகும் தரவின் அளவு மட்டும்: சனலுக்குச் செக்கனுக்கு 12.8 ஜிபி போனது 10.6 ஆகும். தங்கச்சியின் வகுப்புக்கும் பிடிஎஃப்களுக்கும் அது ஒரு விஷயமே இல்லை.

எஸ்பிடியையே திருத்தி எழுதும் மென்பொருள்களும் உண்டு. எங்கள் ரேமின் வகையான டிடிஆர்3இல் 12ஆம் பைட்டில் 10 என்று இருப்பதை 12 ஆக்கினால், 0.125ஆல் பெருக்க 1.5 நானோ செக்கன் வரும், அதாவது 1333. கடைசியில் சரிபார்ப்பு எண்ணையும் மாற்ற வேண்டும். வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் தவறினால் அந்த ரேமோடு லெப்டொப் திறக்காமலே போகலாம், நான் துணியவில்லை. பழைய 1333 ஒன்று இரண்டாம் கையாகக் கிடைக்கும்போது ஏன் அந்த வம்பு?

எல்லாக் கோளாறுக்கும் இது மருந்தில்லை. நான்காம் தலைமுறை லெப்டொப்களுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல்தான் வேண்டும். 1.5 வோல்ட் ரேமை எவ்வளவு மெதுவாக்கினாலும் அங்கே சரிவராது. 204 பின் டிடிஆர்3 இருக்கும் இடத்தில் 260 பின் டிடிஆர்4 நுழையவே நுழையாது. வாங்கும்போது ஸ்டிக்கரைப் பாருங்கள்: 10600 என்றால் 1333, 12800 என்றால் 1600.

மிஞ்சிய 1600ஐ நண்பனே வாங்கிக்கொண்டான், பாதி விலைக்கு.