சோரியாசிஸ் மூட்டுவலிக்கு பயாலஜிக் ஊசி போடச் சொல்கிறார் டாக்டர். வலி, விலை, பக்கவிளைவு எல்லாம் நினைத்தால் பயமாக இருக்கிறது. சிங்கப்பூரில் யாராவது போட்டிருக்கிறீர்களா?

போட்டுக்கொண்டிருக்கிறேன். 2023 மார்ச் முதல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை இரவு, தொடையில். மருந்தின் பெயர் அடலிமுமாப், 40 மில்லிகிராம். ஆனால் டாக்டர் இதை முதலில் சொன்னது 2020-இல். இடையில் போன மூன்று வருடத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் நானும் அத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன். நான் டாக்டர் இல்லை. ஈசூனில் இருக்கிறேன், வாரநாளில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை, சனி ஞாயிறு வீட்டில் ரவிக்கை தைப்பேன். தையல் விஷயம் ஏன் சொல்கிறேன் என்றால், என் நோயைக் காட்டிக்கொடுத்ததே கத்தரிக்கோல்தான்.

2016-இல் தலையில் பொடுகு என்று ஆரம்பித்தது. ஷாம்பு மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, முழங்கையில் வெள்ளைச் செதில் வந்தபிறகுதான் பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். அங்கிருந்து நேஷனல் ஸ்கின் சென்டருக்கு எழுதிக்கொடுத்தார்கள். களிம்பு, தார் ஷாம்பு, அப்புறம் புற ஊதாக் கதிர்ப் பெட்டிக்குள் வாரம் மூன்று தடவை நிற்பது. அந்த சென்டர் இருக்கும் நொவீனாவுக்கு அலைந்ததில் தோல் பாதி அடங்கியது. இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! சொல்லியும் ஒரு கல்யாண வீட்டில் நான் நீட்டிய சந்தனக் கிண்ணத்தைத் தாண்டிப் பக்கத்துக் கிண்ணத்துக்குப் போனார் ஒரு பெரியம்மா. அது கிடக்கட்டும்.

2019-இல் காலையில் கட்டிலிலிருந்து காலை ஊன்றினால் குதிகால் குத்தியது. பிறகு வலது நடுவிரல் அடி முதல் நுனி வரை ஒரே சீராக வீங்கிச் சேப்பங்கிழங்கு மாதிரி ஆனது. கத்தரிக்கோல் வளையத்துக்குள் நுழையவில்லை. ஒரு கிளினிக்கில் சுளுக்கு என்றார்கள். இன்னொன்றில் யூரிக் ஆசிட் இருக்கலாம், நண்டு இறாலை நிறுத்துங்கள் என்றார்கள். ஆறு மாதம் நண்டு இல்லாமல் போனதுதான் மிச்சம். கடைசியில் மூட்டுவாத நிபுணரிடம் போனபோது அவர் விரலைப் பார்க்கவில்லை, நகத்தைப் பார்த்தார். நகத்தில் சின்னச் சின்னக் குழிகள், தையல்காரர் விரலில் மாட்டும் உறையில் இருக்குமே, அதேபோல. "தலையில் செதில் இருக்கா?" என்றார். அவ்வளவுதான், முடிந்தது. சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ். ருமட்டாய்டு என்கிற முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது, இந்த நோயில் பெரும்பாலும் அப்படித்தான் என்றும் சொன்னார். தோலையும் மூட்டையும் தாக்குவது ஒரே கோளாறுதான், நம் எதிர்ப்புச் சக்தி நம்மையே எதிரியாக நினைத்துக்கொள்வது.

முதலில் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. இது வாரத்துக்கு ஒருமுறைதான், தினமும் இல்லை. வீட்டில் யாராவது எடுத்தால் இதை மட்டும் கல்வெட்டில் வெட்டிவையுங்கள், தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எனக்கு சனி இரவு போட்டால் ஞாயிறு முழுக்கக் குமட்டல். வலி கொஞ்சம் குறைந்தது, ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கணக்கு ஏறியது. அப்போதுதான் பயாலஜிக் பேச்சு வந்தது.

வீட்டில் கேட்ட முதல் கேள்வி அம்மாவுடையது: "ஸ்டீராய்டாடி?" இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கே சரியாகத் தெரியாது. இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன். நம் உடம்பில் அழற்சியை மூட்டிவிடும் செய்தி ஆள் மாதிரி ஒரு புரதம் இருக்கிறது, டிஎன்எஃப் என்று பெயர். அடலிமுமாப் அந்த ஒன்றைப் பிடித்துக் கட்டிப்போடும். ஸ்டீராய்டு ஊரடங்குச் சட்டம் என்றால் இது ஒரு ரவுடியை மட்டும் கைது செய்வது. மருந்தே ஒரு புரதம், ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களை வளர்த்து அவற்றிடமிருந்து எடுப்பது, அதனால்தான் பயாலஜிக் என்று பெயர். வாய்வழியாகக் கொடுத்தால் வயிறு அதைப் பருப்பு மாதிரி செரித்துவிடும், அதனால்தான் ஊசி.

அடுத்த பயம், "புது மருந்து, நம்மை வைத்துச் சோதிக்கிறார்கள்" என்பது. என் சித்தப்பா அப்படித்தான் சொன்னார். டிஎன்எஃப்பைத் தடுத்தால் மூட்டுவாதம் அடங்கும் என்று லண்டனில் நோயாளிகளுக்குக் கொடுத்துக் காட்டியது 1992-இல். அதைச் செய்த இருவரில் ஒருவர் மார்க் ஃபெல்ட்மன், மற்றவர் ரவீந்தர் மைனி, லூதியானாவில் பிறந்தவர். 2003-இல் இருவருக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. அடலிமுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2002 கடைசியில். நான் பாலிடெக்னிக் முடித்த காலம்! அத்தனை வருடம் உலகம் முழுக்கப் போட்டுப் பார்த்த ஊசியைத்தான் நான் புதுசு என்று ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆனால் டாக்டர் சொன்ன 2020-இல் கோவிட், தள்ளிப்போட அதுதான் முதல் காரணம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஊசி என்றதும் வீடே வேண்டாம் என்றது. இரண்டாவது காரணம் பணம், அதைப் பின்னால் சொல்கிறேன். மூன்றாவது, எல்லை திறந்ததும் ஊருக்குப் போய்ச் சித்த வைத்தியம் பார்த்தது. காளாஞ்சகப்படை என்று பெயர் சொல்லி, வெட்பாலைத் தைலம் கொடுத்து, பத்தியம் சொன்னார் வைத்தியர். குறை சொல்ல மாட்டேன், தைலம் பூசியதில் எனக்குச் செதில் நன்றாகவே இளகியது. இங்கேதான் ஏமாந்தேன். தோல் தெளிந்ததைப் பார்த்து நோயே குறைகிறது என்று நினைத்து, மூட்டு டாக்டரின் இரண்டு அப்பாயின்ட்மெண்டைத் தள்ளிப்போட்டேன். வலியும் விட்டு விட்டுத்தான் வந்தது, ஒரு மாதம் நன்றாக இருக்கும்.

2022 கடைசியில் எடுத்த எக்ஸ்ரேயை டாக்டர் 2019 படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நடுவிரல் கடைசிக் கணுவில் எலும்பு ஓரம் எலி கடித்த மாதிரி. "இது திரும்ப வளராது" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. தோல் எத்தனை தடவை உரிந்தாலும் புதுசாக வரும், மூட்டு அப்படி இல்லை என்பது மூன்று வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

ஊசி தொடங்கும் முன் செய்யும் பரிசோதனைகளை யாரும் அவசரப்படுத்த விடாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி, சி, நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்க்கான ரத்தப் பரிசோதனை. எனக்குக் காசநோய்ப் பரிசோதனை பாசிட்டிவ்! உயிரே போய்விட்டது. நோய் இல்லை, கிருமி மட்டும் உடம்பில் தூங்குகிறது என்று விளக்கினார்கள். சின்ன வயதில் ஊரில் ஆத்தா பக்கத்தில் படுத்துத் தூங்குவேன், ஆத்தாவுக்குக் காசம் இருந்தது. அந்தக் கிருமியைச் சுற்றி வேலி கட்டிவைப்பதில் டிஎன்எஃப்புக்கும் பங்கு உண்டாம். வேலியைப் பிரித்தால் கிருமி எழுந்துவிடும். அதனால் நான்கு மாதம் ரிஃபாம்பிசின். கல்லீரல் ஏற்கெனவே முரண்டு பிடித்ததால் இந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறம், கண்ணீர்கூட ஆரஞ்சு. ஒரு மாதம் அதைச் சாப்பிட்டபின் ஊசியைத் தொடங்கினார்கள். நம் ஊர்ப்பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள், வீட்டில் யாருக்காவது காசம் இருந்திருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஊசி போடுவது நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. பேனா மாதிரி இருக்கும், தொடையில் அழுத்தினால் டக் என்று ஒரு சத்தம், பத்துப் பதினைந்து வினாடி. தாதி ஒரே தடவை சொல்லிக்கொடுத்தார். என் கணவர் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார், அவருக்குத்தான் தண்ணீர் கொடுத்தோம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் எரிச்சல் குறைவு. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும், உறையக்கூடாது. குளிர்பெட்டியின் பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். தோசை மாவுக்குக் கீழேயும் வேண்டாம். ஒரு தடவை மாவு பொங்கி வழிந்து அட்டைப்பெட்டி முழுக்க மாவு. மருந்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றைக்கு நான் போட்ட கூச்சல் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) வரை கேட்டிருக்கும்.

மூன்றாவது வாரம் காலையில் பல் தேய்க்கும்போதுதான் கவனித்தேன், பிரஷ்ஷை வலது கையில் பிடித்திருக்கிறேன். முன்பெல்லாம் விறைப்பு விட இரண்டு மணி நேரம் ஆகும். தோல் மெதுவாகத்தான் வந்தது, நான்காவது மாதத்தில் முழங்கை சுத்தம். குதிகால் வலி போனது. நடுவிரல் மட்டும் கடைசிக் கணுவில் மடங்கியபடியே நின்றுவிட்டது. வலி இல்லை, ஆனால் நிமிராது.

கெட்டதையும் சொல்லவேண்டும். தொண்டைவலியும் சளியும் முன்பைவிட அடிக்கடி வருகின்றன. ஊசி போட்ட இடம் சில நேரம் சிவக்கும். காய்ச்சல் வந்தால் நாமாக ஊசி போடக்கூடாது, கேட்டுவிட்டுத்தான். போன வருடம் டெங்கி சந்தேகத்தில் ஒரு வாரம் தள்ளிப் போடச் சொன்னார்கள். ஃப்ளூ தடுப்பூசி போடலாம், போடவும் வேண்டும். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் கூடாது. அம்மைத் தடுப்பூசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி எல்லாம் அந்த வகை. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர் என்றால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள், மெத்தோட்ரெக்சேட் கர்ப்பத்தில் அறவே ஆகாது. இன்னொன்று, நோய் அடங்குகிறதே தவிர ஒழிவதில்லை. எல்லாம் சரியாகிவிட்டதே என்று நானாகவே மாதம் ஒரு ஊசியாகக் குறைத்துப் பார்த்தேன், காசு மிச்சம் என்ற எண்ணம்தான். ஏழாவது வாரம் குதிகால் திரும்பப் பேசியது. அப்படி விட்டு விட்டுப் போட்டால் மருந்தையே உடம்பு எதிரியாக்கி அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடலாம், அப்புறம் அந்த மருந்து வேலை செய்யாது என்று டாக்டர் சொன்னார். இந்தத் தடவை திட்டினார்.

இந்த ஒரு ஊசிதான் இருக்கிறது என்றும் இல்லை. காத்திருக்கும் இடத்தில் பழக்கமான ஒரு அண்ணனுக்கு அடலிமுமாப் ஒரு வருடத்தில் வேலை செய்வதை நிறுத்திவிட்டது, செகுகினுமாப்புக்கு மாற்றினார்கள். அது டிஎன்எஃப் இல்லை, ஐஎல்-17 என்ற வேறு புரதத்தைத் தடுப்பது, தோலுக்கு ரொம்ப நன்றாகக் கேட்கும் என்கிறார்கள். எனக்கு ஏன் அது வேண்டாம் என்றார் டாக்டர் என்றால், எனக்குக் கண்ணுக்குள் அழற்சி ஒரு தடவை வந்திருந்தது, அதற்கும் அடலிமுமாப் உதவும். குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு ஐஎல்-17 வகை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆகவே "உனக்கு எந்த ஊசி?" என்று என்னைப் பார்த்து அதையே கேட்டு வாங்காதீர்கள்.

பணம். 2020-இல் எனக்குச் சொன்ன தொகை மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். அன்றைக்கு நான் விலையைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன், அதுதான் தப்பு. மூலமருந்தின் காப்புரிமை முடிந்தபிறகு பயோசிமிலர் என்று அதே வேலை செய்யும் மருந்துகள் வந்துவிட்டன, விலை எவ்வளவோ குறைவு. நான் போடுவதும் அதுதான், குறை ஒன்றும் தெரியவில்லை. பொது மருத்துவமனையில் மானிய நோயாளியாக இருந்தால், நோயின் கடுமை விதிக்குள் வந்தால், மருந்து உதவி நிதி குடும்ப வருமானத்தைப் பார்த்து ஒரு பகுதியைத் தாங்கும். சோரியாசிஸ் 2015 முதல் மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான நம் கட்டாயச் சேமிப்பு) பயன்படுத்தக்கூடிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது, ருமட்டாய்டும் அப்படியே. வருடாந்திர வரம்பு உண்டு. எல்லாம் போக என் கையிலிருந்து போவது எங்கள் வீட்டுத் தண்ணீர், மின்சாரக் கட்டணத்தை ஒட்டிய தொகை. மருத்துவ சமூக சேவையாளரைப் பார்க்கவேண்டும் என்று நீங்களே கேளுங்கள். தானாக யாரும் கூப்பிட மாட்டார்கள், நம்மவர்கள் பலர் அது இல்லாதவர்களுக்கு என்று கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகளுக்கு இந்த மானியம் கிடையாது. அது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

ஊருக்குப் போவது பற்றிக் கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை ஊசி போட்டுவிட்டுச் சனிக்கிழமை விமானம் ஏறி, அடுத்த ஊசிக்குள் திரும்பிவிடுவேன். கும்பகோணத்தில் கரண்ட் போகும் வீட்டில் மருந்தைக் காப்பாற்றும் கவலை இல்லை. நீண்ட நாள் போவதாக இருந்தால் ஐஸ்பை, டாக்டர் கடிதம், கைப்பெட்டி. சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்துவிடலாம்.

தையலை விடவில்லை. வளையம் பெரிதான கத்தரிக்கோல் ஒன்று லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் கிடைத்தது, வளைந்த விரல் அதற்குள் போய்விடுகிறது. நேர்க்கோடு நன்றாக வருகிறது, கழுத்து வளைவுதான் கொஞ்சம் படுத்துகிறது.

நீங்கள் கேள்வியில் வலி, விலை, பக்கவிளைவு எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், எக்ஸ்ரே பற்றி ஒன்றும் எழுதவில்லை. கை, கால் இரண்டுக்கும் எடுத்தார்களா? கடைசியாக எப்போது?