வாசகர் கேள்வி: மொரீசியஸில் ஒரு மாலைப் படகு

கேள்வி: மொரீசியஸில் எபேன் பகுதியில் பணிபுரியும் எங்கள் மகனைப் பார்க்க, ஜூலை மாதம் நானும் என் கணவரும் 72 வயதான என் மாமியாரும் பத்து நாள் பயணமாக வருகிறோம். ஒரு மாலை 'கட்டமரான்' படகில் கடலுக்குள் சென்று சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறான் மகன். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு, எனக்குப் பேருந்தில் போனாலே தலை சுற்றும், நாங்கள் சைவம். இந்தச் செலவு தகுமா? எந்தக் கரையில், எத்தனை மணிக்கு ஏறுவது நல்லது?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: தகும், அம்மா. ஆனால் எத்தனை மணிக்குப் படகு கரையை விட்டுக் கிளம்புகிறது என்பதைக் கேட்டுக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள். ஜூலை இங்கே குளிர்காலம். மாதத்தின் நடுவில் மாலை 5.45 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். சூரியனின் கீழ் விளிம்பு கடலைத் தொட்டதிலிருந்து முழு வட்டமும் மூழ்குவதற்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம்தான் ஆகும். அடுத்த அரை மணி நேரத்தில் நன்றாக இருட்டிவிடும். நான்கு மணிக்குப் புறப்படும் படகு உங்களுக்கு ஏற்றது. ஐந்து மணிப் படகு ஏற்றதன்று. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் எட்டுப் பேரை நான் அழைத்துச் சென்ற படகு, வேறொரு விடுதியிலிருந்து வரவேண்டிய விருந்தினருக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தது. நாங்கள் பவளப்பாறைத் தொடரின் இடைவெளியைத் தாண்டி வெளிக்கடலுக்கு வந்தபோது வானத்தில் ஒரு செந்தீற்றல் மட்டுமே மிச்சமிருந்தது. ஒலிபெருக்கி மட்டும் கடைசிவரை குறைவின்றிப் பாடியது.

கரையைப் பொறுத்தவரை எனக்கு ஐயமே இல்லை, மேற்குக் கரைதான். குளிர்கால மாதங்களில் தென்கிழக்கிலிருந்து காற்று விடாமல் வீசும். நம் ஊர்த் தென்றலை நினைத்துக்கொண்டு வருபவர்கள் கிழக்குக் கரையில் தொப்பியைப் பறிகொடுப்பார்கள். தீவின் தென்மேற்கு மலைகள், அவற்றில் 828 மீட்டர் உயரமுள்ள கறுப்பு நதிச் சிகரமும் ஒன்று, அந்தக் காற்றைத் தடுத்து நிறுத்துவதால் ஃபிளிக்-ஆன்-ஃபிளாக், தமரின், கறுப்பு நதி ஆகிய இடங்களின் கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். தெற்கே செல்லும் படகு என்றால், 556 மீட்டர் உயரத்தில் கடலோரம் செங்குத்தாக நிற்கும் லெ மோர்ன் பாறை மாலை வெயிலில் நிறம் மாறுவதைக் காணலாம். அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்கள் ஒளிந்து வாழ்ந்த மலை அது. 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எல்லோரும் சூரியனைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒருமுறை திரும்பி அந்த மலையைப் பாருங்கள்.

சென்னையில் வாழ்பவர்களுக்கு இதில் தனிச்சுவை ஒன்று உண்டு. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் சூரியன் கடலிலிருந்து எழுவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். அது கடலில் இறங்குவதைப் பார்க்கக் கன்னியாகுமரிக்கோ மேற்குக் கரைக்கோ போகவேண்டும். சித்ரா பௌர்ணமியன்று குமரி முனையில் ஒரு பக்கம் சூரியன் மறைய, மறு பக்கம் நிலவு எழுவதைக் காணக் கூட்டம் கூடுமல்லவா? மொரீசியஸின் மேற்குக் கடலிலும் பௌர்ணமி மாலையில் அதைப் போன்றதொரு காட்சி கிடைக்கும். நிலவு கடலிலிருந்து அல்லாமல் மலைகளுக்குப் பின்னாலிருந்து வருவதால் சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறியுங்கள். பௌர்ணமி வாய்க்காவிட்டால் அமாவாசையை ஒட்டிய நாளும் நல்லதுதான். ஆறரை மணிக்குத் தெற்கு வானில், நாம் திரிசங்கு என்று அழைக்கும் தென்சிலுவை, தாம்பரத்து மொட்டை மாடியிலிருந்து தெரிவதைவிட மிக உயரத்தில் நிற்கும். இதற்காகவே, இருட்டிய பிறகு கரைக்குத் திரும்பும் படகாகப் பாருங்கள். சூரியன் மறைந்த கையோடு இயந்திரத்தை முடுக்கித் திரும்பிவிடும் படகு பாதி விருந்தில் இலையை எடுப்பது போன்றது.

'கட்டமரான்' என்ற சொல்லைக் கேட்டு உங்கள் மாமியார் அஞ்சியிருக்கக்கூடும். சொல் நம்முடைய கட்டுமரம்தான். சோழமண்டலக் கரையில் அதைக் கண்ட ஐரோப்பிய மாலுமிகள் எடுத்துச் சென்றது. பொருள்தான் மாறிவிட்டது. நம் மீனவர்களின் கட்டுமரம், அலை மேலேறிப் புரளும், மரத்துண்டுகளைப் பிணைத்த மிதவை. இங்குள்ளதோ இரண்டு உடற்பகுதிகளை அகன்ற தளத்தால் இணைத்த பாய்மரப் படகு. அகலம் மிகுதி என்பதால் ஒற்றை உடல் கொண்ட படகைப் போல ஒரு பக்கமாகச் சாயாது. முன்பகுதியில் கட்டியிருக்கும் வலையில் இளைஞர்கள் படுத்துக்கொள்வார்கள். அங்கே நீர்த்துளி தெறிக்கும். நீங்கள் மூவரும் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால் அமர்ந்துகொள்ளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

உண்மையான சிக்கல் ஏறுவதிலும் இறங்குவதிலும்தான் இருக்கிறது. அதை விளம்பரத் தாளில் போடமாட்டார்கள். பல இடங்களில் பெரிய படகு கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டிருக்கும். முழங்காலளவு நீரில் நடந்து, சிறு படகில் ஏறி, அதிலிருந்து பெரிய படகின் படியில் கால் வைக்கவேண்டும். திரும்பும்போது இதையே இருட்டில் செய்யவேண்டும். படகுத்துறையிலிருந்து நேரடியாக ஏற முடியுமா என்று மகனை முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்று சொன்னால் வேறு படகைத் தேடுங்கள். "நாங்கள் தூக்கி ஏற்றிவிடுவோம்" என்று அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதை ஏற்காதீர்கள். அந்தப் படகுக்குச் சுற்றுலா ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா, எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

தலைச்சுற்றலுக்கு உங்கள் மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தால், அதை ஏறுவதற்கு முன்பே விழுங்கவேண்டும்; குமட்டல் தொடங்கிய பிறகு பயன் குறைவு. வெறும் வயிறும் வேண்டாம், முழுச் சாப்பாடும் வேண்டாம். கைப்பேசித் திரையைப் பார்ப்பதை விட்டு, தொடுவானத்தில் கண்ணை நிறுத்துங்கள். ஆளுக்கொரு சால்வையும் கொண்டுவாருங்கள்.

சாப்பாடு பெரும்பாலும் சுட்ட மீனும் கோழியும், குடிக்க ரம்மும்தான். சைவம் வேண்டுமென்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் நோன்பிருந்து வாழையிலையில் ஏழு கறி பரிமாறும் தமிழர்கள் வாழும் தீவு இது. சைவம் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்கவேண்டியதில்லை, நேரத்தோடு சொன்னால் போதும்.

கேள்வி: புதுச்சேரியிலிருந்து எங்கள் உறவினர்கள் ஜனவரியில் வருகிறார்கள். அவர்களை வடக்கே கிராண்ட் பே பகுதியில் மாலைப் படகுக்கு அழைத்துச் செல்லலாமா?
– ஒரு வாசகர், ரோஸ்ஹில்

பதில்: செல்லலாம். ஜனவரி முதல் வாரத்தில் சூரியன் மறைய 6.55 மணி ஆகும் என்பதால் பகல் வெயில் தணிந்த பிறகு நிதானமாகப் புறப்படலாம். சில படகுகள் ஆப்பு வடிவில் கடலில் நிற்கும் குவான் தெ மிர் தீவு வரை போகும். பவளப்பாறைத் தொடருக்கு வெளியே அந்தப் பகுதியில் கடல் குலுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புயல் பருவமும் அதுதான். முதல் நிலை எச்சரிக்கை வந்துவிட்டாலே பயணத்தைத் தள்ளிவைத்துப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். படகில் ராவான் என்னும் ஆட்டுத்தோல் பறையை முழக்கிச் செகா ஆடுவார்கள். உறவினர்களைக் கட்டாயப்படுத்தி எழுப்பாதீர்கள், பறையொலி கேட்டால் அவர்களே எழுந்துவிடுவார்கள். கட்டணத்தை மட்டும் அவர்கள் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். மொரீசியஸ் ரூபாய்த் தாளில் அதன் மதிப்பு தமிழிலும் அச்சிடப்பட்டிருப்பதைப் புதுச்சேரிக்காரர்கள் அப்போது பார்க்கட்டும்.