மக்களிடம் பேசித் தகவல் திரட்டினாலே அது சமூகம் சார்ந்த ஆய்வாகிவிடுமா, அதாவது மக்களும் பங்காளிகளாகச் சேர்ந்து நடத்தும் ஆய்வாகிவிடுமா?

ஆகாது. ஆய்வுக் கேள்வியை யார் முடிவு செய்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1946இல் உளவியலாளர் கர்ட் லெவின் 'செயல் ஆய்வு' பற்றி எழுதினார். திட்டமிட்டு, செய்து, விளைவைப் பார்த்து, மறுபடி திட்டமிடும் முறை அது. சரி, ஆனால் அதிலும் கடிவாளம் பெரும்பாலும் நிபுணர் கையில்தான்.

கொலம்பியச் சமூகவியலாளர் ஒர்லாண்டோ ஃபல்ஸ் போர்டா இன்னும் ஒரு படி மேலே போனார். 1970களின் தொடக்கத்தில், கரீபியக் கரையோர விவசாயிகளோடு சேர்ந்து அவர்களின் நிலப் போராட்ட வரலாற்றைத் தொகுத்தார். முதியவர்களின் நினைவுகளோடு வீட்டுப் பெட்டிகளில் கிடந்த பழைய தாள்களும் படங்களும்கூட ஆதாரங்களாயின. கிடைத்ததைப் படக்கதைகளாக வெளியிட்டார்கள். எழுத்தறியாதவருக்கும் அது போய்ச் சேர்ந்தது. முடிவுகளை இப்படி மக்களிடமே திருப்பிக் கொடுப்பதுதான் இந்த முறையின் உயிர் என்பேன். பல்கலைக்கழக இதழில் மட்டும் அச்சாகிற ஆய்வால் தகவல் கொடுத்தவருக்கு என்ன பயன்?

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் சிலவற்றை முன்கூட்டியே பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: தரவு யாருக்குச் சொந்தம், வெளியிடும் முன் யார் படித்துப் பார்ப்பார்கள், உழைக்கும் உள்ளூர்க்காரர்களுக்கு ஊதியம் உண்டா. அப்புறம், ஊர்த் தலைவர்களின் குரலையே ஊரின் குரலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவர்களைத் தனியே போய்க் கேளுங்கள்.