ஏலக் கணக்குப் பக்கத்தில் மட்டும் பயனர் பெயர் மறைவது ஏன்?

பாம்பன் மீன் ஏலக் கணக்குகளுக்காக ஜாங்கோவில் (பைதான் மொழியில் இணையதளம் அமைக்க உதவும் கட்டமைப்பு) இணையதளம் அமைத்துவரும் வாசகர் கேட்கிறார்: “படகு உரிமையாளர் உள்நுழைந்ததும் முகப்பின் மேல்மூலையில் அவர் பெயர் தெரிகிறது. ஏலக் கணக்குப் பக்கத்தில் அதே இடத்தில் ‘உள்நுழைக’ என்றே வருகிறது. உரிமையாளர் விவரப் பக்கத்தில் வேறொருவர் பெயர் வருகிறது. எல்லா வியூக்களிலும் பயனர் பெயரைத் தனியாக அனுப்ப வேண்டுமா?”

வேண்டாம். அப்படி அனுப்பத் தொடங்கினால், புதிதாக எழுதும் ஏதாவது ஒரு வியூவில், அதாவது ஒரு பக்கத்தை உருவாக்கித் தரும் நிரல்பகுதியில், மறந்துபோவது உறுதி. ஜாங்கோவே அந்த வேலையைச் செய்கிறது; அது எந்த இடத்தில் தடைப்படுகிறது என்று பார்ப்பதே சரியான வழி.

உலாவியிலிருந்து வரும் கோரிக்கையை ‘ரிக்வெஸ்ட்’ என்றும், அது வியூவை அடையும் முன் அதைக் கையாளும் நிரல்களை ‘மிடில்வேர்’ என்றும் சொல்வார்கள். உலாவி அனுப்பும் குக்கியைக் (உலாவியில் சேமிக்கப்படும் சிறு அடையாளத் தகவல்) கொண்டு செஷன் மிடில்வேர் அமர்வைக் கண்டறிய, அதற்கு அடுத்து இயங்கும் ஆதென்டிகேஷன் மிடில்வேர் பயனரை ரிக்வெஸ்டோடு இணைக்கிறது. இந்த வரிசை மாறக் கூடாது. அங்கிருந்து ‘யூசர்’ என்ற பெயரில் அவரை டெம்ப்ளேட்டுக்குள் (பக்கத்தின் வார்ப்புரு) கொண்டுவருவது கான்டெக்ஸ்ட் பிராசஸர் என்ற சார்பு. ரிக்வெஸ்ட் கைக்குக் கிடைத்தால்தான் அது இயங்கும். ‘ரெண்டர்’ சார்பு ரிக்வெஸ்டை முதல் உள்ளீடாகப் பெறுவதால் உங்கள் முகப்பில் சிக்கல் இல்லை. கணக்குப் பக்கத்தை ‘ரெண்டர்_டு_ஸ்ட்ரிங்’ கொண்டோ, டெம்ப்ளேட்டை நேரடியாக ஏற்றியோ உருவாக்கி, ரிக்வெஸ்டைக் கொடுக்காமல் விட்டிருப்பீர்கள் என்றே கருதுகிறேன். இல்லாத மாறியைக் கண்டால் ஜாங்கோ டெம்ப்ளேட் பிழை காட்டாது; அதை வெற்றிடமாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் ‘உள்நுழைந்திருக்கிறாரா’ என்ற நிபந்தனை பொய்யாகி, ‘உள்நுழைக’ என்ற இணைப்பு வந்து நிற்கிறது. ரிக்வெஸ்டையும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

வேறொருவர் பெயர் வருவதற்குக் காரணம் தனி. யூசர் மாடலுக்கு (பயனர் பதிவுகளின் அமைப்பு) டீடெய்ல்வியூ (ஒரு பதிவின் விவரத்தைக் காட்டும் ஆயத்த வியூ) எழுதினால், பார்க்கப்படும் உரிமையாளரின் பதிவு தானாகவே ‘யூசர்’ என்ற பெயரில் டெம்ப்ளேட்டுக்குள் வந்து, உள்நுழைந்தவருக்குரிய அதே பெயரை மூடிவிடுகிறது. அந்த வியூவில் ‘கான்டெக்ஸ்ட்_ஆப்ஜெக்ட்_நேம்’ என்பதற்கு ‘ஓனர்’ போன்ற வேறு பெயரைக் கொடுங்கள். தலைப்புப் பகுதியை ‘கேஷ்’ குறிக்குள் (ஒருமுறை உருவாக்கிய பகுதியைச் சேமித்து மீண்டும் தரும் டெம்ப்ளேட் குறி) வைத்திருந்தாலும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியக்கூடும். அங்கே பயனர் எண்ணையும் திறவுகோலாகச் சேர்த்தாக வேண்டும். பணக் கணக்கு உள்ள தளம் என்பதால் இந்த இரண்டையும் இன்றே சரிபார்த்துவிடுங்கள்.

பெயரைக் காட்டும் விதத்திலும் ஒரு கவனம் தேவை. ‘கெட்_ஃபுல்_நேம்’ முதற்பெயரை முன்னும் கடைசிப் பெயரைப் பின்னும் வைப்பதால், நம் வழக்கப்படி முன்னே நிற்க வேண்டிய தலைப்பெழுத்து பின்னே போய்விடும். ஒரே பெயருடையோர் பலர் இருக்கும் கடற்கரை ஊர்களில் பெயரோடு படகின் பதிவு எண்ணையும் காட்டுவதே நல்லது என்பது என் கருத்து.

அமர்வுக் குக்கியின் இயல்பான ஆயுள், உள்நுழைந்ததிலிருந்து 2 வாரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வருபவர்களுக்கு எல்லாப் பக்கங்களிலும் ‘உள்நுழைக’ என்றே தெரியும். அது பிழையன்று.

ஏலக்கூடத்தில் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்துவார்களானால், பெயருக்கு அருகிலேயே ‘வெளியேறு’ பொத்தானை வையுங்கள். ஜாங்கோ 5.0 முதல் அதன் லாகவுட்வியூ போஸ்ட் முறையை (படிவம் வழியே அனுப்பும் கோரிக்கை) மட்டுமே ஏற்பதால், வெறும் இணைப்பாக வைத்தால் வெளியேற முடியாது. சிஎஸ்ஆர்எஃப் டோக்கனுடன் (வேறு தளங்கள் போலிக் கோரிக்கை அனுப்புவதைத் தடுக்கும் அடையாளம்) சிறு படிவமாகவே அமைக்க வேண்டும்.